ப்ராக்ஸ்மாக்ஸில் தானியங்கி பேக்கப் தவறும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ நிறுவிய ஹோஸ்டில் (அந்த இயந்திரத்தில்) மெய்நிகர் கணினிகளுக்கும் கண்டெய்னர்களுக்கும் (ஹோஸ்டின் கெர்னலையே பகிர்ந்துகொள்ளும் இலகுவான தனிச் சூழல்கள்) இரவு நேர பேக்கப்பை அமைக்க ஐந்து நிமிடம் போதும். டேட்டாசென்டர் நிலையில் பேக்கப் பகுதியைத் திறந்து, சேமிப்பகத்தையும் நேரத்தையும் எவற்றை எடுக்க வேண்டும் என்பதையும் குறித்துவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகு பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. கோப்பு தேவைப்படும் நாளில்தான், வேலை பல வாரங்களாகத் தோல்வியடைந்துகொண்டிருந்தது தெரியவருகிறது. அல்லது, அதைவிட மோசமாக, ஒவ்வொரு இரவும் வெற்றி என்று பதிவாகியும் வேண்டிய தரவு மட்டும் உள்ளே இல்லாமல் போயிருப்பது தெரியவருகிறது. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தைத் தேடும் வகையில் இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். 7.1 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது இது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. இணைய இடைமுகத்தின் அடியில் உள்ள டாஸ்க் பட்டியலில் அந்த இரவின் பேக்கப் வரியை இருமுறை சொடுக்கி, முழுப் பதிவையும் படியுங்கள். கடைசி வரியில் 'ஜாப் எர்ரர்ஸ்' என்று மட்டும் இருக்கும். அதிலிருந்து ஒன்றும் புரியாது. மேலே உருட்டிச் சென்று, 'எர்ரர்' என்று தொடங்கும் முதல் வரியையும், அதற்கு மேலுள்ள பத்து வரிகளையும் படிக்க வேண்டும். ஒரே வேலையில் பதினைந்து மெய்நிகர் கணினிகள் இருந்து அவற்றில் ஒன்று மட்டும் தவறினாலும் முழு வேலையும் சிவப்பாகத்தான் காட்டப்படும் என்பதால், எந்த எண்ணுடைய கணினி தவறியது என்பதை முதலில் குறித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: குறித்த நேரத்தில் வேலை தொடங்கவே இல்லை

டாஸ்க் பட்டியலில் அந்த இரவுக்குரிய வரியே இல்லையென்றால், பேக்கப் எடுக்கும் நிரலான விஸெட்டம்ப்பில் குறை தேட வேண்டாம். அது அழைக்கப்படவே இல்லை. 2021 நவம்பரில் வந்த 7.1 பதிப்புக்கு முன்புவரை லினக்ஸின் வழக்கமான நேர அட்டவணை நிரலான கிரான்தான் இந்த வேலையைத் தொடங்கிவைத்தது. அதன் பிறகு பிவிஇஷெட்யூலர் என்ற தனிச் சேவை அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. எனவே பழைய பழக்கத்தில் கிரான் பதிவுகளைத் தேடினால் எதுவும் கிடைக்காது. நோடின் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் ஒவ்வொரு ஹோஸ்டும் ஒரு நோட்) சிஸ்டம் பகுதியில் சேவைகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பிவிஇஷெட்யூலர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சேவை ஓடுகிறது என்றால் நேரம் எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். இப்போதைய அட்டவணை, கிரானின் ஐந்து நெடுவரிசை முறையை ஏற்பதில்லை. லினக்ஸ் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் காலண்டர் முறையை ஒட்டியது அது. '02:30' என்று எழுதினால் தினமும் அதிகாலை இரண்டரை மணி. கிழமை வேண்டுமென்றால் ஆங்கிலக் கிழமைப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு நேரத்தை எழுத வேண்டும். '*/5' என்று எழுதினால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்று பொருள். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை என்று நினைத்து இதை எழுதுபவர்கள் சேமிப்பகத்தை ஒரே நாளில் நிரப்பிவிடுவார்கள். பேக்கப் பகுதியிலேயே அட்டவணையை ஒத்திகை பார்க்கும் பொத்தான் ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய அட்டவணைப்படி வரும் நாட்களில் எந்தெந்த நேரத்தில் வேலை ஓடும் என்று அது பட்டியலிட்டுக் காட்டும். புதிய அட்டவணை ஒவ்வொன்றையும் அதில் ஒரு முறை பார்த்துவிட்டே சேமிப்பது என் வழக்கம்.

ஹோஸ்டின் நேர மண்டலத்தையும் பார்த்துவிடுங்கள். நிறுவும்போது வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இரவு இரண்டு மணி என்று நீங்கள் எண்ணியது அலுவலகம் பரபரப்பாக இயங்கும் நேரத்தில் வந்து விழும்.

இரவில் மின்சாரம் போய் ஹோஸ்ட் அணைந்திருந்த நேரத்தில் ஓட வேண்டிய வேலை, ஹோஸ்ட் மீண்டும் எழுந்ததும் தானாக ஓடாது. தவறிய வேலையை மறுபடி ஓட்டுவதற்கான 'ரிபீட் மிஸ்ட்' என்ற தேர்வு வேலையின் மேம்பட்ட அமைப்புகளில் உள்ளது. அது இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் காலையில் ஹோஸ்ட் எழும்போது எல்லா மெய்நிகர் கணினிகளும் எழும் அதே வேளையில் பேக்கப்பும் தொடங்கும் என்பதையும் கணக்கில் கொண்டு முடிவெடுங்கள்.

பல நோடுகளை இணைத்த கிளஸ்டரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வேலை ஒரு குறிப்பிட்ட நோடுக்கு மட்டும் கட்டப்பட்டிருந்தால், அங்கிருந்து வேறு நோடுக்கு இடம்பெயர்த்த கணினி அந்த வேலையின் கண்ணில் படாது. பதிவில் பிழையும் இருக்காது. சேமிப்பகம் எல்லா நோடுகளுக்கும் பொதுவானது என்றால் வேலையையும் எல்லா நோடுகளுக்கும் பொதுவாக விட்டுவிடுவதே நல்லது.

அறிகுறி: 'விஎம் இஸ் லாக்ட் (பேக்கப்)'

முந்தைய பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்ட் அணைந்தாலோ, நிரல் இடையில் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டாலோ, அந்தக் கணினியின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட பூட்டு அகற்றப்படாமல் தங்கிவிடுகிறது. பூட்டு இருக்கும்வரை பேக்கப் மட்டுமல்லாமல் வேறு பல செயல்களும் மறுக்கப்படும். முதலில் உண்மையிலேயே எந்தப் பேக்கப்பும் அதன் மேல் ஓடவில்லை என்பதை டாஸ்க் பட்டியலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மெய்நிகர் கணினி என்றால் 'கியூஎம் அன்லாக் 104', கண்டெய்னர் என்றால் 'பிசிடி அன்லாக் 104' என்று கட்டளை கொடுத்தால் போதும். 104 என்ற இடத்தில் உங்கள் எண் வர வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பேக்கப்பின் பூட்டை அவசரப்பட்டு அவிழ்த்தால், அதே கணினியின் மேல் இரண்டு செயல்கள் மோதும்.

கண்டெய்னரில் பூட்டை அகற்றிய பின்னும் பேக்கப் தவறி, 'விஸெட்டம்ப்' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஸ்னாப்ஷாட் (வட்டின் ஒரு கணத்து நிலைப் பதிவு) இருப்பதாகப் பதிவு சொன்னால், பாதியில் நின்ற வேலை விட்டுச்சென்ற மிச்சம் அது. 'பிசிடி டெல்ஸ்னாப்ஷாட்' கட்டளைக்கு கண்டெய்னரின் எண்ணையும் அந்தப் பெயரையும் கொடுத்து நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

பூட்டில் இன்னொரு வகையும் உண்டு. ஒரு நோடில் ஒரு நேரத்தில் ஒரு பேக்கப் வேலைதான் ஓடலாம் என்பதற்காக, ரன் அடைவில் விஸெட்டம்ப் டாட் லாக் என்ற பொதுப் பூட்டு போடப்படுகிறது. இரண்டாவது வேலை அந்தப் பூட்டுக்காக இயல்பாக 180 நிமிடம் காத்திருந்துவிட்டு, கிடைக்கவில்லையென்றால் தோல்வியடையும். ஒரு மணிக்கு ஒரு வேலை, இரண்டு மணிக்கு ஒரு வேலை, மூன்று மணிக்கு ஒன்று என்று அடுக்கி வைத்திருந்து, தரவு வளர வளர முதல் வேலை ஐந்து மணி நேரம் எடுக்கத் தொடங்கும்போது இந்தப் பிழை தலைகாட்டும். காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதைவிட, வேலைகளை ஒன்றாகச் சேர்த்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதே சரியான தீர்வு.

அறிகுறி: 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'

சேமிப்பகம் நிரம்பிவிட்டது என்பது தெளிவு. ஏன் நிரம்பியது என்பதில்தான் கவனம் வேண்டும்.

பழைய பிரதிகளை நீக்கும் வேலை, புதிய பிரதி வெற்றிகரமாக எழுதப்பட்ட பின்னரே நடக்கிறது. ஆகவே கடைசி மூன்று பிரதிகளை வைத்திருக்கச் சொல்லியிருந்தால், நான்கு பிரதிகளுக்கு இடம் இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கு தவறும் இடத்தில் ஒரு சுழல் உருவாகிறது: இடம் இல்லாததால் புதிய பிரதி தவறுகிறது, புதியது தவறியதால் பழையவை நீக்கப்படுவதில்லை, பழையவை நீக்கப்படாததால் மறுநாளும் இடம் இல்லை. யாராவது கையால் பழைய பிரதிகளை நீக்கும்வரை ஒவ்வோர் இரவும் இதே பிழைதான் வரும். நீக்கப்பட்ட மெய்நிகர் கணினியின் பழைய பிரதிகளும் இதேபோலத் தங்கிவிடும். அந்த எண்ணுக்கு இனிப் புதிய பேக்கப் நடக்கப்போவதில்லை என்பதால் அவற்றைத் தொடுவார் யாருமில்லை.

பாதியில் நின்ற பேக்கப்பின் எச்சமும் இடத்தை அடைத்திருக்கலாம். எழுதி முடிக்கும்வரை கோப்பு '.dat' என்ற தற்காலிகப் பின்னொட்டோடு இருக்கும். முடிந்த பிறகே சரியான பெயர் சூட்டப்படும். ஹோஸ்ட் நடுவில் அணைந்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், இணைய இடைமுகத்தின் பட்டியலிலும் தெரியாது. சேமிப்பகத்தின் டம்ப் அடைவுக்குள் கட்டளை வரியில் நுழைந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த அறிகுறியின் மிக மோசமான வடிவத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு சிறிய அலுவலகத்தின் ஒற்றை ஹோஸ்டில் யூஎஸ்பி வன்தட்டு ஒன்றை ஓர் அடைவில் மவுன்ட் செய்து (இணைத்து), அந்த அடைவையே பேக்கப் சேமிப்பகமாகச் சேர்த்திருந்தேன். ஒரு நாள் மாலை யாரோ மேசையைத் துடைக்கும்போது அந்தத் தட்டின் கேபிள் கழன்றிருக்கிறது. இரவு இரண்டரை மணிக்கு வேலை வழக்கம்போலத் தொடங்கியது. அடைவு அங்கேயே இருந்தது. அதன் மேல் தட்டு மட்டும் இல்லை. எனவே ஹோஸ்டின் சொந்த மூலப் பகிர்வுக்குள்ளேயே (ரூட் பார்ட்டிஷன்) பிரதிகள் எழுதப்பட்டு, அது விளிம்புவரை நிரம்பியது. காலையில் இணைய இடைமுகத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் நுழைவு மறுக்கப்பட்டது. கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் வட்டு நிலவரத்தைப் பார்த்தபோதுதான் மூலப் பகிர்வு நூறு சதவீதம் என்று தெரிந்தது. அமைப்புகளைத் தாங்கும் தரவுத்தளம் அதே பகிர்வில் இருப்பதால், எழுத இடமில்லாமல் எல்லாமே நின்றிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. கேபிளைச் செருகித் தட்டை மவுன்ட் செய்ததும், இடத்தை அடைத்திருந்த கோப்புகள் பார்வையிலிருந்து மறைந்துவிட்டன. ஆனால் இடம் திரும்பவில்லை. மவுன்ட் செய்யப்பட்ட தட்டுக்கு அடியில் அவை அப்படியே கிடந்தன. தட்டை மறுபடி அன்மவுன்ட் செய்து, அடியில் இருந்தவற்றை நீக்கி, பிறகு மவுன்ட் செய்த பின்னரே ஹோஸ்ட் மீண்டது. இது மறுபடி நடக்காமல் தடுக்க ஒரே ஓர் அமைப்பு போதும்: சேமிப்பகத்தின் அமைப்பில் 'இஸ்-மவுன்ட்பாயின்ட்' என்ற குறியை 'எஸ்' என்று வைத்துவிட்டால், தட்டு மவுன்ட் ஆகாத நிலையில் அந்தச் சேமிப்பகமே கிடைக்கவில்லை என்று வேலை உடனே தோல்வியடையும். இந்தத் தோல்வி நமக்கு நன்மை செய்யும் தோல்வி. யூஎஸ்பி தட்டாக இருந்தாலும், கையால் மவுன்ட் செய்த வேறு எதுவாக இருந்தாலும் இந்தக் குறி இல்லாமல் விடாதீர்கள்.

பேக்கப்புக்கென்றே உள்ள தனி மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரைப் பயன்படுத்துவோருக்கு இடம் நிரம்புவது வேறு விதமாக நிகழ்கிறது. அங்கே தரவு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே துண்டு பல பிரதிகளுக்குப் பொதுவாக இருக்கும். பழைய பிரதிகளைக் கழிக்கும் ப்ரூன் வேலை, பட்டியலிலிருந்து பெயரை மட்டுமே எடுக்கும். துண்டுகளை நீக்கி இடத்தை மீட்பது கார்பேஜ் கலெக்ஷன் என்ற தனி வேலை. அதற்கு அட்டவணை வைக்காமல் விட்டால் எத்தனை பிரதிகளை நீக்கினாலும் ஒரு கிகாபைட்கூடத் திரும்பாது. அட்டவணை வைத்தும் உடனே இடம் திரும்பவில்லை என்று பதற வேண்டாம். கடைசியாகத் தொடப்பட்டு 24 மணி 5 நிமிடம் கடக்காத துண்டுகளை அது நீக்காது என்பதால், இன்று கழித்தவற்றின் இடம் நாளைக்குப் பிறகே கிடைக்கும். ஆனால் ஸெட்எஃப்எஸ் கோப்பு முறைமை மேல் அமைத்த சேமிப்பகம் முழுவதுமாக நிரம்பிவிட்டால், அந்தச் சுத்திகரிப்பு ஓடுவதற்கே இடம் இருக்காது. துண்டுகளின் தொட்ட நேரத்தைக் குறிப்பதற்கும் எழுத இடம் தேவை. ஆகவே தொடக்கத்திலேயே கோட்டா (அளவு வரம்பு) வைத்துச் சில கிகாபைட்களை ஒதுக்கி வையுங்கள்; நெருக்கடியில் அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

அறிகுறி: மெய்நிகர் கணினிகள் எல்லாம் சரி, கண்டெய்னர்கள் மட்டும் தவறுகின்றன

ஒரே வேலை, ஒரே சேமிப்பகம், ஒரே 'ஸ்னாப்ஷாட்' முறை. ஆனாலும் இரண்டு வகைக்கும் உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. மெய்நிகர் கணினியை இயக்கும் க்யூஇமு, வட்டின் ஒவ்வொரு துண்டையும் தானே படித்து அனுப்புகிறது. அடியில் உள்ள சேமிப்பகத்துக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கும் திறன் இருக்க வேண்டியதில்லை. கண்டெய்னருக்கு அப்படி நடுவில் நிற்கும் நிரல் எதுவும் கிடையாது. அதன் கோப்புகள் ஹோஸ்டின் கோப்பு முறைமையிலேயே இருப்பதால், ஸெட்எஃப்எஸ், எல்விஎம்-தின் போன்ற சேமிப்பகம்தான் ஸ்னாப்ஷாட்டை எடுத்துத் தர வேண்டும். 2015இல் வந்த 4.0 பதிப்பில் ஓபன்விஸெட் என்ற பழைய கண்டெய்னர் தொழில்நுட்பத்திலிருந்து எல்எக்ஸ்சிக்கு மாறிய பிறகும் கண்டெய்னருக்கான அடிப்படை இதுதான். விஸெட்டம்ப் என்ற பெயரே அந்தப் பழைய ஓபன்விஸெட் காலத்தின் மிச்சம்.

கண்டெய்னர் இருக்கும் சேமிப்பகத்துக்கு ஸ்னாப்ஷாட் திறன் இல்லையென்றால், பதிவில் 'மோட் ஃபெயிலியர்' என்ற வரி வரும். 'சஸ்பெண்ட்' முறைக்கு மாறுவதாக அதிலேயே சொல்லப்பட்டிருக்கும். இந்த முறையில் ஆர்சிங்க் மூலம் கோப்புகள் ஒரு தற்காலிக அடைவுக்கு நகலெடுக்கப்பட்டு, கண்டெய்னர் சற்று நேரம் நிறுத்திவைக்கப்பட்டு, இடையில் மாறியவை இரண்டாம் முறை நகலெடுக்கப்பட்டு, பிறகே தொகுக்கப்படுகின்றன. கண்டெய்னரின் முழு அளவுக்கு அந்தத் தற்காலிக அடைவில் இடம் வேண்டும்.

'பெர்மிஷன் டினைட்' என்று கோப்புகளைத் தொகுக்கும் டார் நிரல் முறையிடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பேக்கப் சேமிப்பகம் என்எஃப்எஸ் எனும் வலையமைப்புப் பகிர்வாக இருந்தால் தற்காலிக அடைவும் அங்கேயே உருவாகும். அன்பிரிவிலேஜ்ட் (உரிமை குறைக்கப்பட்ட) கண்டெய்னரின் ரூட் பயனர், ஹோஸ்டின் பார்வையில் 100000 என்ற எண்ணுடைய சாதாரணப் பயனர். அந்த எண்ணுக்குப் பகிர்வில் உரிமை இருக்காது. எட்சி அடைவில் உள்ள விஸெட்டம்ப் டாட் கான்ஃப் கோப்பைத் திறந்து, டிஎம்பிடிர் என்ற வரியில் ஹோஸ்டின் உள்ளூர் அடைவு ஒன்றைக் குறித்துவிட்டால் பிழை நீங்கும். குறிக்கும் அடைவு மூலப் பகிர்வில் இருந்தால் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன யூஎஸ்பி கதை இன்னொரு வழியாகத் திரும்பிவிடக் கூடாது.

பிழை எதுவும் வராமல் கண்டெய்னரின் பேக்கப் மணிக்கணக்கில் அசையாமல் நின்றால், உள்ளே ஃபியூஸ் வழியாக ஏதேனும் மவுன்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேகச் சேமிப்பைக் கோப்புறையாகக் காட்டும் கருவிகள் பலவும் ஃபியூஸைத்தான் பயன்படுத்துகின்றன. ஸ்னாப்ஷாட்டுக்கு முன் கண்டெய்னரை உறையவைக்கும் கட்டம் அங்கே சிக்கிக்கொள்ளும். அந்த மவுன்ட்டை ஹோஸ்டுக்கு மாற்றி பைண்ட் மவுன்ட்டாக (ஹோஸ்டின் அடைவை அப்படியே காட்டும் முறை) உள்ளே தருவது ஒரு வழி; அந்தச் சேவையைக் கண்டெய்னரிலிருந்து மெய்நிகர் கணினிக்கு மாற்றுவது நிரந்தர வழி.

'ஸ்டாப்' முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். மெய்நிகர் கணினி முறையாக அணைக்கப்பட்டு, பேக்கப் தொடங்கிய உடனேயே மறுபடி இயங்கத் தொடங்கிவிடும். கண்டெய்னரோ பேக்கப் முடியும்வரை அணைந்தே கிடக்கும். 500 கிகாபைட் கண்டெய்னருக்கு இந்த முறையை வைத்துவிட்டுக் காலையில் சேவை இல்லையே என்று தேடுவது வீண்.

அறிகுறி: பேக்கப் ஓடும்போது மெய்நிகர் கணினி உறைகிறது அல்லது தவழ்கிறது

உறைதலும் தவழ்தலும் இரு வேறு நோய்கள். பேக்கப் தொடங்கும் அந்த நொடியில் உறைந்து, கோப்பு எதையும் எழுத முடியாமல் நின்றால், மெய்நிகர் கணினிக்குள் ஓடும் துணை நிரலான கெஸ்ட் ஏஜென்ட்டைச் சந்தேகியுங்கள். உள்ளே ஏஜென்ட் ஓடினால், தொடங்கும் முன் கோப்பு முறைமைகளை நிலைப்படுத்தி உறையவைக்கும்படியும், தொடங்கியதும் விடுவிக்கும்படியும் ப்ராக்ஸ்மாக்ஸ் அதனிடம் கேட்கும். விண்டோஸில் இது அதன் நிழல் நகல் சேவையான விஎஸ்எஸ் வழியாக நடக்கும். உள்ளே லூப் சாதனமாக மவுன்ட் செய்த கோப்பு முறைமை போன்றவை இருந்தால் உறையவைக்கும் கட்டம் முட்டிக்கொண்டு நிற்பதுண்டு. ஹோஸ்டிலிருந்து 'கியூஎம் ஏஜென்ட் 104 எஃப்எஸ்ஃப்ரீஸ்-தா' என்று கட்டளை கொடுத்து விடுவிக்கப் பாருங்கள். காரணத்தைக் களையும்வரை, ஏஜென்ட் அமைப்பில் பேக்கப்பின்போது உறையவைக்கும் தேர்வை மட்டும் அணைத்து வைக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஏஜென்ட் அமைக்கப்பட்டிருந்தும் ஓடவில்லை என்று பதிவு சொன்னால், பேக்கப் நடக்கும். ஆனால் திடீரென மின்சாரம் போன கணினியின் நிலையில்தான் அந்தப் பிரதி இருக்கும். அந்த வரியைக் கடந்துபோகாமல், கணினிக்குள் ஏஜென்ட்டை நிறுவுங்கள்.

பேக்கப் ஓடும் நேரம் முழுவதும் கணினி தவழ்ந்தால் காரணம் வேறு. பேக்கப் தொடங்கிய கணத்தின் நிலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக, இன்னும் பிரதி எடுக்கப்படாத ஒரு துண்டின் மேல் கணினி எழுத முற்படும்போது, க்யூஇமு அந்த எழுத்தைச் சற்று நிறுத்தி, பழைய துண்டை முதலில் பேக்கப் சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் பிறகே எழுத அனுமதிக்கிறது. எனவே பேக்கப் சேமிப்பகத்தின் வேகமே அந்த நேரத்தில் உங்கள் கணினி எழுதும் வேகமாகிவிடுகிறது. உள்ளே என்விஎம்இ வட்டு இருந்தும், பிரதி போய்ச் சேரும் இடம் தொலைதூரத்தில் மெல்லிய இணைப்பின் மறுமுனையில் இருந்தால், தரவுத்தளம் மூச்சுத் திணறும். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பு இதற்காகவே ஃப்ளீசிங் என்ற வசதியைக் கொண்டுவந்தது: பழைய துண்டு நேராகத் தொலைவுக்குப் போகாமல், முதலில் உள்ளூரில் ஒரு தற்காலிக வட்டில் ஒதுக்கப்படும். அந்த ஒதுக்கிடத்தை வேகமான, தின் முறையில் (எழுதும்போது மட்டும்) இடம் ஒதுக்கும் உள்ளூர்ச் சேமிப்பகத்தில் வையுங்கள். அதைவிட நல்ல அமைப்பு, பேக்கப் சர்வரை உள்ளூர் வலையமைப்பிலேயே வைத்துக்கொண்டு, அங்கிருந்து தொலைவில் உள்ள இன்னொரு பேக்கப் சர்வருக்கு சிங்க் வேலை மூலம் அனுப்புவது. மெல்லிய இணைப்பின் சுமை அப்போது கணினியின் தலையில் ஏறாது.

அறிகுறி: நேற்று நான்கு நிமிடம், இன்று மூன்று மணி நேரம்

பேக்கப் சர்வரோடு வேலை செய்யும்போது, எந்தத் துண்டுகள் மாறின என்ற குறிப்பை ஓடிக்கொண்டிருக்கும் க்யூஇமு தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. கணினி அணைத்து மறுபடி இயக்கப்பட்டால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். அடுத்த பேக்கப் முழு வட்டையும் படித்துப் பார்த்தாக வேண்டும். அனுப்பப்படுவது மாறிய துண்டுகள் மட்டுமே என்பதால் சேமிப்பகம் பெருகாது, நேரம் மட்டும் கூடும். அதற்கு முந்தைய நாள் கணினியை மேம்படுத்தி, முழுவதுமாக அணைத்து மறுபடி இயக்கியிருந்தீர்கள் என்றால், கவலைப்பட ஒன்றுமில்லை. அப்படி அணைத்து இயக்காமலே தினமும் இப்படி நடந்தால், ஒரே கணினியை இரண்டு வெவ்வேறு பேக்கப் சேமிப்பகங்களுக்கு மாறி மாறி அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். சேமிப்பகம் மாறும்போதும் அந்தக் குறிப்பு செல்லாமல் போகும்.

அறிகுறி: பச்சை நிறத்தில் 'ஓகே'; ஆனால் தரவு இல்லை

இதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் அஞ்ச வேண்டும். சிவப்பு வரியை ஒரு நாள் யாராவது கவனிப்பார்கள்; பச்சை வரியை யாரும் திறப்பதில்லை.

கண்டெய்னரின் மூல வட்டு எப்போதும் பேக்கப்பில் சேரும். ஆனால் பின்னால் நீங்கள் சேர்த்த மவுன்ட் பாயின்ட்களுக்கு 'பேக்கப்' என்ற பெட்டி இயல்பாகத் தேர்வாகாமல் இருக்கும். மூல வட்டை 8 கிகாபைட்டில் சிறியதாக வைத்து, பயனர் கோப்புகளுக்கு 400 கிகாபைட்டில் தனி மவுன்ட் பாயின்ட் சேர்ப்பது எல்லோரும் செய்வதுதான். அந்தப் பெட்டியைத் தேர்வு செய்ய மறந்தால், நெக்ஸ்ட்கிளவுட் போன்ற கோப்புச் சேமிப்பு நிரல் பத்திரமாக இருக்கும், ஒரு புகைப்படம்கூட இருக்காது. மெய்நிகர் கணினியின் வட்டுகளுக்கு இதே பெட்டி இயல்பாகத் தேர்வாகியிருப்பதால், அதிலிருந்து கண்டெய்னருக்கு வந்தவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். பதிவில் 'எக்ஸ்க்ளூடிங்' என்று தொடங்கும் ஒரே ஒரு வரிதான் இதற்குச் சாட்சி. ஹோஸ்டின் அடைவை உள்ளே காட்டும் பைண்ட் மவுன்ட் என்றால், எந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தாலும் சேராது; அதற்கு ஹோஸ்டில் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவில் உள்ள பிரதியின் அளவு உங்கள் தரவின் அளவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை: 400 கிகாபைட் புகைப்படங்கள் எந்தச் சுருக்கத்திலும் 2 கிகாபைட் ஆகாது.

வேலையில் கணினிகளை எண் குறித்துத் தேர்ந்தெடுத்திருந்தால், அடுத்த மாதம் உருவாக்கும் புதிய கணினி அதில் இல்லை. பேக்கப் பகுதியிலேயே எந்த வேலையிலும் சேராத கணினிகளைக் காட்டும் வசதி இருக்கிறது. அதை மாதம் ஒரு முறை பாருங்கள். 'எல்லாம்' என்று வைத்து, வேண்டாதவற்றை மட்டும் விலக்குவது எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. மறதி நேர்ந்தால் இடம் கொஞ்சம் வீணாகும், தரவு போகாது.

கிளஸ்டரில் சேராத இரண்டு ஹோஸ்டுகள் ஒரே என்எஃப்எஸ் பகிர்வைப் பேக்கப்புக்குப் பயன்படுத்தினால் இன்னொரு இழப்பு காத்திருக்கிறது. இரண்டிலும் முதல் கணினியின் எண் 100ஆகத்தான் இருக்கும். பிரதிகள் எண்ணை வைத்தே அடையாளம் காணப்படுவதால், ஒரு ஹோஸ்ட் தன் பழைய பிரதி என்று எண்ணி மற்றதன் பிரதியை நீக்கிவிடும். ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனி அடைவு கொடுங்கள். பேக்கப் சர்வரில் தனித்தனி நேம்ஸ்பேஸ் (பெயர்ப் பிரிவு) கொடுங்கள்.

கண்டெய்னருக்குள் தரவுத்தளம் ஓடினால், ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே கெஸ்ட் ஏஜென்ட் கிடையாது. பேக்கப் நேரத்துக்கு அரை மணி முன்பு கண்டெய்னருக்குள்ளேயே தரவுத்தளத்தை ஒரு கோப்பாக எடுத்து வைக்கும் சிறு வேலையை அமையுங்கள். அந்தக் கோப்பு பிரதியோடு சேர்ந்து வந்துவிடும்.

அறிவிப்பு மின்னஞ்சலைத் தோல்விக்கு மட்டும் என்று வைப்பவர்கள் பலர். ஹோஸ்டே அணைந்திருந்தாலோ, அட்டவணைச் சேவை நின்றிருந்தாலோ, ஹோஸ்டிலிருந்து போகும் அஞ்சலை வெளியே உள்ள சர்வர் ஏற்க மறுத்தாலோ, தோல்வி அஞ்சலும் வராது. வெற்றி அஞ்சலையும் வரவழையுங்கள். ஒரு நாள் அது வராமல் போவதே எச்சரிக்கை.

மீட்டுப் பார்த்தல்

மாதம் ஒரு கணினியையாவது புதிய எண்ணுக்கு மீட்டுப் பாருங்கள். மீட்கும்போது 'யூனிக்' என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் வலையமைப்பு அட்டையின் மேக் முகவரி புதிதாக உருவாகும். உள்ளே நிலையான ஐபி முகவரி இருக்கலாம் என்பதால், இயக்குவதற்கு முன் அட்டையின் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் சோதனைக்கு எழுந்த பிரதியும் பணியில் இருக்கும் கணினியும் ஒரே முகவரிக்குச் சண்டையிடும். கன்சோல் வழியாக நுழைந்து, நேற்று மாலை யாரோ சேமித்த ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். கண்டெய்னர் என்றால் ஒவ்வொரு மவுன்ட் பாயின்ட்டுக்குள்ளும் சென்று பாருங்கள்.

ஹோஸ்டின் வலையமைப்பு அமைப்புகளும், சேமிப்பக வரையறைகளும் இந்த பேக்கப்பில் வருவதில்லை. எட்சி அடைவையும், அதனுள் பிவிஇ என்ற அடைவையும் தனியாக நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள். பேக்கப் சர்வருக்கு அனுப்புவதை மறையாக்கம் செய்திருந்தால், அதற்கான சாவியும் அந்த பிவிஇ அடைவுக்குள்தான் இருக்கிறது. ஹோஸ்டின் வட்டு போனால் சாவியும் போய்விடும். அதன் பிறகு சர்வரில் உள்ள எந்தப் பிரதியையும் யாராலும் திறக்க முடியாது. அந்தச் சாவியைத் தாளில் அச்சிட்டு, ஹோஸ்ட் இருக்கும் அறையில் இல்லாத ஓர் அலமாரியில் இன்றே வைத்துவிடுங்கள்.